கை நனையாத விருந்து

போன மாதம் என் பேரனுடைய பிள்ளைக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். சொந்தக்காரர்கள் நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்ததுமே, அந்தக் காலம் மாதிரி வருமா என்று ஆரம்பித்துவிட்டீர்கள். என்ன மழை, என்ன சாப்பாடு, என்ன மனுசர்கள். கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் தேனியிலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்தன. உள்ளே சுடச்சுட ரொட்டி. கிடையாகப் பிளந்து, நடுவில் மசாலாவும் சீஸும் வைத்து, வெண்ணெய் தடவி மறுபடி சுட்டு, சதுரமாக வெட்டியது. ஆளுக்கு இரண்டு எடுத்தீர்கள். நான் தொடவில்லை. பல் இல்லை, பாவம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பல் காரணமில்லை. அந்த வாசனைதான் காரணம். வெண்ணெயும் மிளகும் சூடான ரொட்டியும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் எனக்குக் கோபம் வருகிறது. அன்று உங்கள் மேலும் வந்தது. எனக்கும் ஒரு அந்தக் காலம் இருக்கிறது. சொல்கிறேன், கேட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெரிய யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவில் இருபது வருடம் சமையல்காரராக இருந்தார் எங்கள் அய்யா. துரை சீமைக்குக் கப்பலேறியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்குக் கூப்பிடு தூரம். அதுவரை வருடத்துக்கு இரண்டு தடவை வந்துபோகும் விருந்தாளி அவர். இப்போது வீட்டிலேயே இருந்தார். யாருக்கும் பிடிக்கவில்லை. ஆத்தா வைத்த குழம்பைக் கரண்டியால் தொட்டுப் பார்த்து முகம் சுளிப்பார். நாங்கள் சாப்பிடும்போது சத்தம் வந்தால் அதட்டுவார். துரைக்கு இருபது வருடம் பயந்தவர், அந்தப் பயத்தையெல்லாம் எங்களுக்குப் பங்கு வைத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அன்று அவர் மறுபடி மலைக்குப் போய்விட்டால் நல்லது என்று மட்டும்தான் தோன்றியது.

அவர் வந்த கையோடு அக்காவின் கல்யாணப் பேச்சு வந்தது. அக்காவுக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளை அய்யாவின் அக்காள் மகன். அந்த அத்தை கோம்பையில் வாழ்க்கைப்பட்டவள். முறை மாப்பிள்ளை இருக்கும்போது வெளியே பெண் கொடுக்க முடியாது. ஆனால் அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதித்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் ஒரு காதுகுத்து. இதே மாப்பிள்ளை மூன்று வயதுப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் வரவில்லை. மலையில் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று ஆள் விட்டுச் சொன்னார் அய்யா. அத்தை உச்சிவேளை வரை காத்திருந்துவிட்டு, யாரோ ஒரு பங்காளி மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தினாளாம். மாமன் இல்லாத பிள்ளையா என்று பந்தியில் கேட்டுச் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. உறவுக்காரர்கள்தான் இப்போது நடுவில் புகுந்தார்கள். காய்ச்சல்காரன் என்ன செய்வான், விட்டுத்தொலை என்று பதினெட்டு வருடக் கோபத்தை ஒரு வாரத்தில் பேசிக் கரைத்தார்கள். தை மாதம் வந்து வெற்றிலை மாற்றுகிறேன் என்று அத்தை சம்மதித்தாள்.

எங்கள் சனத்தில் வெற்றிலை மாற்றினால் பேச்சு முடிந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளையின் தாய் பெண் வீட்டில் கை நனைத்து, அதாவது கை கழுவி உட்கார்ந்து சோறு சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. கை நனைக்காமல் எழுந்துபோனால் இன்னும் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். இது சின்னப் பிள்ளையான எனக்கே தெரியும். அய்யாவுக்கும் தெரியும். ஆனால் இருபது வருட மலைவாசத்தில் அவருக்கு அது ஒரு பொருட்டாக இல்லாமல் போய்விட்டது.

விருந்துக்கு என்ன என்று ஆத்தா கேட்டாள். துரை வீட்டு விருந்து என்றார். அறுபது பேருக்கும் ரொட்டி. உள்ளே உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகு, சீஸ். சுடச்சுட.

அந்தக் காலத்தில் ரொட்டி என்பது நோயாளிச் சாப்பாடு. காய்ச்சலில் படுத்தால் உத்தமபாளையம் பாய் கடையில் ஒரு ரொட்டி வாங்கிப் பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். ரொட்டி வாங்கிப் போகிறவரைப் பார்த்தால் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்றுதான் கேட்பார்கள்.

"ரொட்டி காய்ச்சக்காரவுகளுக்குக் குடுக்குறது. நல்ல காரியத்துக்கு வந்தவுகளுக்குப் போடுவாகளா? சோறு பொங்கி இலை போடுங்க" என்றாள் ஆத்தா.

"சோத்த எல்லாரும்தான் போடுறாக. எங்க அக்கா தெரிஞ்சுக்கிரட்டும், நான் அங்கன என்னத்தப் படிச்சேன்னு" என்றார் அய்யா. அத்தோடு பேச்சு முடிந்தது. அவர் பேசினால் முடிந்துவிடும்.

மாட்டுக்கொட்டத்துச் சுவரை ஒட்டி உடைந்த செங்கலும் களிமண்ணும் வைத்து இடுப்பு உயரத்துக்குக் குகை போல ஒரு அடுப்பு கட்டினார். அதைப் போர்மா என்றார். மலையாளத்து ஆட்களிடம் பிடித்த சொல். வேப்பங்கட்டையை உள்ளேயே போட்டு எரித்து, அடுப்புச் சுவர் காய்ந்ததும் நெருப்புக் கங்குகளை வழித்து வெளியே தள்ளிவிட வேண்டும். பிறகு கையை உள்ளே நீட்டி எண்ணுவார். இருபது எண்ணுவதற்குள் கை பொறுக்காமல் போனால் சூடு அதிகம். முப்பதைத் தாண்டினால் போதாது. மூன்று நாள் ஒத்திகை நடந்தது. கருகிய ரொட்டியையும் காய்ந்த ரொட்டியையும் நாங்கள்தான் தின்றோம். பக்கத்து வீட்டுக்காரி வந்து வீட்டில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அக்கா அந்த மூன்று நாளும் வெங்காயம் உரித்தாள், கிழங்கு மசித்தாள், ஆத்தாவின் வெண்கலச் செம்பைப் புளி போட்டு மூன்று தடவை விளக்கினாள். கழுத்தில் ஒரு நசுங்கல் உள்ள செம்பு அது. ஆத்தா தேவதானப்பட்டியிலிருந்து சீராகக் கொண்டுவந்தது. விளக்கும்போது அக்கா என்னிடம், "அயித்த வருமாடி, வராதாடி?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். நான் ஓடிப்போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பெண்ணுக்கு அவ்வளவு அவசரமா என்று வீடே சிரித்தது. அக்கா என்னைக் கொட்டத்துக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தொடையில் கிள்ளினாள். ரத்தம் கட்டிவிட்டது. அன்றிலிருந்து இவள் சீக்கிரம் கோம்பைக்குத் தொலைந்தால் போதும் என்று நானும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் வந்தது. நான்கு கூண்டு வண்டிகள். முதல் வண்டியில் அத்தை, அவளுக்குப் பின்னால் வாயில்லாத மாமா. வண்டியடியில் கட்டப்பட்டு ஒரு செவலை நாய் வந்தது. கோம்பை நாய் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். யார் வாசலுக்கு வந்தாலும் உறுமியது. அது யார் வாசல் என்று அதற்கு ஒரு கணக்கும் இல்லை. அத்தை அதை அடக்கவில்லை.

வெற்றிலை மாற்றினார்கள். தட்டைக் கைமாற்றியதும் அய்யா கொல்லை வேலைக்கு ஓடிவிட்டார். பாய் கடையில் சொல்லிவைத்து, ஒன்றோடொன்று ஒட்டிய பன்களாக, பலகை பலகையாகச் சுட்டு வாங்கியிருந்தார். பலகையைப் பிரிக்காமல் அப்படியே கிடையாக அறுத்து, அடிப்பாதியில் கடுகு அரைத்துக் கலந்த வெண்ணெயைத் தடவி, மசித்த கிழங்கைப் பரப்பி, அதன்மேல் சீஸைத் துருவித் தூவினார். துரைசானி போகும்போது கொடுத்த ஒரே ஒரு டின் அது. மேல்பாதியை மூடி, உருக்கிய வெண்ணெயும் கசகசாவும் தடவித் தகரத் தட்டோடு போர்மாவுக்குள் தள்ளி, அதன் வாயைத் தகரத்தால் அடைத்து ஈரமண் பூசினார். எடுத்தபோது மேல்பக்கம் பொன்னிறம், ஓரத்தில் சீஸ் வழிந்து கருகி மொறுமொறுவென்று இருந்தது. கத்தியால் சதுரம் சதுரமாகப் போட்டார். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு ருசியான ஒன்றை நான் பிறகு தின்றதில்லை.

பரிமாறப் போகும்முன் ஆத்தா என்னைத் தனியே கூப்பிட்டாள். துரை வீட்டில் யாரும் கை கழுவுவதில்லை என்று அய்யா ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத்துணி கிழித்து வைத்திருந்தார். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆத்தா செம்பை என் கையில் கொடுத்தாள்.

"ஒங்க அய்யா என்ன சொன்னாலும் சரி, அயித்த கையில தண்ணி ஊத்திரு தாயி. கை நனையணும். வெளங்குதா?"

தலையாட்டினேன். செம்பு கனமாக இருந்தது.

வாழை இலைத் துண்டில் ரொட்டி வந்ததும் கோம்பைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கிழவர் முகர்ந்து பார்த்துவிட்டு இலையிலேயே வைத்துவிட்டார். அத்தை மட்டும் எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள். நன்றாக இருக்கிறது தம்பி என்று சொன்னாள். பதினெட்டு வருடத்தில் அவள் அய்யாவிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அதுதான். அய்யா பூரித்துப் போனார். அந்த வாயை அங்கே மூடியிருக்கலாம்.

"இத மொதமொதல்ல நான் செஞ்சது எப்பத் தெரியுமாக்கா? மதராசுல இருந்து தொரைமாருக அம்பது பேரு வந்திருந்தாக. ஒன் மகன் காதுகுத்துக்குன்னு நான் மூட்டையெல்லாம் கட்டிட்டேன். தொரைசானி விடல. நீ போயிட்டா இத யாரு செய்வாகன்னு கேட்டுச்சு. எனக்கே அம்புட்டுப் பெருமை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. காய்ச்சல் என்று சொன்னது பொய் என்பதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார் என்பது அவருக்கு மட்டும் புரியவில்லை. கையிலிருந்த பாதி ரொட்டியை அத்தை இலையில் வைத்தாள். அதை ஒரு நிமிடம் பார்த்தாள். பிள்ளையை எவன் மடியிலோ உட்கார வைத்துவிட்டுத் தம்பி சுட்டுக்கொண்டிருந்த பண்டம் அது. துண்டுத்துணியில் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

நான் செம்போடு போய் நின்றேன். அத்தை வலது கையைச் சேலை மடிப்புக்குள் இழுத்துக்கொண்டாள். குனிந்து என் காதுக்குப் பக்கத்தில், "என் கை காஞ்சுதான் இருக்கு. நல்லாப் பாத்துக்க" என்றாள்.

பயமாக இருந்தது. கொல்லைக்கு ஓடி, தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டேன். ஆத்தா வந்து ஊற்றினாயா என்று கேட்டாள். ஊற்றவில்லை என்றால் முதுகில் விழும். ஊற்றினேன் என்றேன். ஆத்தா செம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். காலியாக இருந்தது. என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

பங்குனியில் சேதி வந்தது. அத்தை சின்னமனூரில் வேறு பெண் பார்க்கிறாளாம். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு உறவுக்காரர்களிடம் முறையிட்டாள். பேச்சு முடிந்து நின்றுபோன பெண்ணுக்கு அப்புறம் யார் வருவார்கள்? அய்யா கொல்லையில் உட்கார்ந்து போர்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் வந்தது என்று அப்போதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ரொட்டி நன்றாகத்தானே இருந்தது என்றார்.

சித்திரையில் எங்கள் வீட்டிலேயே சனத்தைக் கூட்டினார்கள். நடுவில் சனத்துக்குப் பெரியவர், ஒருபுறம் அத்தை, மறுபுறம் ஆத்தா. கூடத்துக் கதவுக்குப் பின்னால் அக்கா.

"வெத்தல மாத்துனது நெசந்தான். ஆனா நான் இந்த வீட்ல கை நனைக்கல. துணியிலதான் தொடச்சேன்" என்றாள் அத்தை.

ஆத்தா விடவில்லை. என் சின்ன மகள் தண்ணீர் ஊற்றினாள், கேளுங்கள் என்றாள். என்னைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தினார்கள். சாமி மேல் ஆணையாகச் சொல் என்றார் பெரியவர். அத்தை என் கண்ணைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பினேன். கதவிடுக்கில் அக்கா தெரிந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கெஞ்சலாக அவள் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. அத்தை வருமா, வராதா என்று அவள் கேட்டது ஞாபகம் வந்தது. இவளுக்கு இந்த மாப்பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்தேன். கிள்ளியதையும் மன்னித்தேன்.

"ஊத்துனேன்" என்றேன்.

அத்தை மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றும் புரிகிற மாதிரியும் புரியாத மாதிரியும் இருக்கிறது. மெல்லச் சிரித்தாள்.

"பிள்ள பொய் சொல்லாது. பொண்ண அனுப்புங்க. நான் வச்சுக்கிறேன்."

வைகாசியில் கல்யாணம். நசுங்கிய செம்பும் சீரோடு கோம்பைக்குப் போனது. அத்தை அதை வாங்கி, நாய்த் தொட்டிக்குத் தண்ணீர் மோந்து ஊற்ற ஒதுக்கிவிட்டாள். வீட்டுக்குள் அது வரவே இல்லை. அக்கா கையால் அத்தை ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. தன் சோற்றைத் தானே பொங்கிக்கொண்டாள். வைதாள் என்றோ அடித்தாள் என்றோ ஒருவரும் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கிற ஆளை இல்லாத ஆளாக நடத்தினாள், வருடக்கணக்கில். மச்சான் தாய்க்குப் பிள்ளை. அக்காவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றுக்கும் காது குத்தியபோது எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவளுக்குத்தான் அண்ணன் தம்பி யாரும் இல்லையே, மடிக்கு யார் வருவார்கள் என்று அத்தை கேட்டாளாம்.

அத்தையின் கோபம் நியாயமானது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. தம்பி சொன்ன பொய்க்கு ஒரு தாய் கோபப்படாமல் என்ன செய்வாள்? ஆனால் அந்தக் கோபத்தை அவள் கொண்டுபோய்க் கொட்டிய இடம்தான் தப்பு. அதற்காக அவளை நான் மன்னிக்கவில்லை. அய்யாவையும்தான். அவர் கடைசி வரை போர்மாவை இடிக்க விடவில்லை. அதில் அவர் மறுபடி எதுவும் சுடவும் இல்லை. கோழி அடைத்துவைத்தோம்.

இருபத்தைந்து வருடம் கழித்து அத்தை படுக்கையில் விழுந்தாள். பார்க்கப் போனேன். அக்கா அவள் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் இருவருக்கும் பேச்சில்லை. என்னைப் பார்த்ததும் அத்தை வாசல் பக்கம் கையைக் காட்டினாள். நாய்த் தொட்டியருகே கிடந்த செம்பைக் கேட்கிறாள் என்று புரிய நேரமானது. கழுவித் தண்ணீர் மோந்து கொண்டுவந்தேன். எலும்பாகிப் போன வலது கையை நீட்டினாள்.

"அன்னைக்கி ஊத்துனேன்னு சொன்னேல்ல, அத இன்னைக்கி ஊத்து."

என்ன செய்வது? ஊற்றினேன். தண்ணீர் பாயில் ஓடியது. அத்தை அக்கா பக்கம் திரும்பி, "இப்பத்தான் ஒங்க வீட்டுத் தண்ணி என் கையில படுது" என்றாள். அவள் அக்காவிடம் நேராகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நாலாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

நான் தண்ணீர் ஊற்றிய அன்றே அக்கா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். விருந்தன்று நீ ஊற்றவே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"ஒனக்காகத்தான் சொன்னேன். நீ கதவுகிட்ட நின்னு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தே" என்றேன்.

"இல்லைன்னு சொல்லுடின்னு பாத்தேன்" என்றாள் அக்கா.

அவ்வளவுதான் சொன்னாள். வருமா, வராதா என்று கேட்டதற்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. வரக்கூடாது என்று கேட்டிருக்கிறாள். அய்யா கேட்கவில்லை, ஆத்தா கேட்கவில்லை, கூடியிருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கப்பட்டவள் நான் ஒருத்திதான். ஒன்பது வயதுக் கழுதை.

அதற்குப் பிறகு அக்கா என் வீட்டு விசேஷம் எதற்கும் வராமல் இருந்ததில்லை. என் பிள்ளைகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கொஞ்சுவாள். ஆனால் பந்தியில் உட்கார மாட்டாள். வயிறு சரியில்லை என்பாள், விரதம் என்பாள், வீட்டில் சாப்பிட்டுத்தான் வந்தேன் என்பாள். முறுக்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடக்கமான கிழவி என்று நினைத்திருப்பீர்கள்.

போன மாதமும் வந்திருந்தாள். உங்கள் வரிசையில் கடைசி நாற்காலி. அந்தச் சதுர ரொட்டியை எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தாள். முழுதும் தின்றாள். நான் ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் போய், கை கழுவிக்கொள் அக்கா என்றேன். அவள் பெட்டியோடு வந்த காகிதத்தை எடுத்து ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வாரேன்டி என்று சொல்லி எழுந்தாள். படியிறங்கப் பிடித்துக்கொள்ள என் தோளில் கையை வைத்தாள். கை காய்ந்துதான் இருந்தது.